மாத்திரைக்கு மணி தெரியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சரவாங்கி, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்குவதில்லை, காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடிவதில்லை. நோயை அடக்கும் அடிப்படை மருந்தான மெதோட்ரெக்சேட்டோடு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சிறிய அளவில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் சாப்பிடுகிறார். இரவு விழுங்கினால் விடியற்காலை இரண்டு மணிக்குத் தானாகத் திறந்து மருந்தை விடும் மாத்திரை வெளிநாட்டில் இருப்பதாகப் படித்திருக்கிறீர்கள். அது உண்மையா, அது இல்லாவிட்டால் அலாரம் வைத்து எழுப்பி இந்த மாத்திரையையே இரண்டு மணிக்குக் கொடுக்கலாமா என்பது முதல் கேள்வி. அப்பா சாப்பிடும் அம்லோடிபின், டெல்மிசார்டன் சேர்ந்த பிபி மாத்திரையை, வாட்ஸ்அப்பில் வந்த செய்தி சொல்வதுபோல் இரவுக்கு மாற்றலாமா என்பது இரண்டாவது. அப்பாவின் மலத்தில் சுகர் மாத்திரை முழுசாக வந்ததைப் பார்த்துப் பயந்ததையும் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது ஒரே கவலைதான்: சரியான நேரம் தெரியாததால், இரண்டு பேருக்கும் கிடைக்க வேண்டிய பலன் வீணாகிறதோ?

நான் மருத்துவர் இல்லை. எம்.பார்ம் படித்துவிட்டு, மாத்திரையிலிருந்து மருந்து எப்போது, எந்த வேகத்தில் வெளியே வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஃபார்முலேஷன் வேலையில் பல வருடம் இருந்தவன். மாத்திரைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தைரியமாகச் சொல்வேன். உடம்புக்குள் நடப்பதை ஆய்வுகள் சொல்லும் அளவுக்குச் சொல்வேன். அம்மாவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதில் வாயைத் திறக்க மாட்டேன், அது அவரைப் பரிசோதிக்கும் மருத்துவரின் வேலை.

நீங்கள் படித்தது உண்மைதான். ஐரோப்பாவில் லோடோட்ரா என்ற பெயரிலும், அமெரிக்காவில் 2012-இல் அனுமதி பெற்று ரேயோஸ் என்ற பெயரிலும் வந்தது. உள்ளே இருப்பது பிரெட்னிசோன். கல்லீரலுக்குப் போனதும் அது பிரெட்னிசலோனாக மாறிவிடும், ஆகவே மருந்து என்ற அளவில் புதிதாக எதுவும் இல்லை, அம்மா சாப்பிடும் அதே சரக்குதான். புதுமை எல்லாம் வெளிக்கூட்டில் இருக்கிறது. இரவு பத்து மணிவாக்கில் விழுங்கினால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, இரண்டு மணிவாக்கில் உடைந்து மருந்தைக் கொட்டும்.

ஏன் இரண்டு மணி? நம் மூளையின் அடியில், ஹைப்போதலாமஸ் பகுதியில், கண்ணிலிருந்து வரும் வெளிச்சத்தை வைத்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் ஒரு சின்ன நரம்புக் கொத்து இருக்கிறது. அதுதான் உடம்பின் தலைமைக் கடிகாரம். செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காகத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கடிகாரத்தின் கணக்குப்படி, உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் நடுராத்திரியில் அடிமட்டத்தில் இருக்கும், பின்னிரவில் ஏறத் தொடங்கி நாம் விழிக்கும் நேரத்தில் உச்சத்துக்கு வரும். சரவாங்கி உள்ளவர்களுக்கு, மூட்டில் வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருட்களும் அதே பின்னிரவில்தான் கிளம்புகின்றன. உடம்பு சுரக்கும் கார்டிசால் அவற்றை அடக்கப் போதுவதில்லை. விளைவு, அம்மா கண் விழிக்கும்போது வீக்கம் ஏற்கெனவே உட்கார்ந்துவிடுகிறது. காலை எட்டு மணிக்கு அவர் விழுங்கும் மாத்திரை, நடந்து முடிந்துவிட்ட காரியத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது.

இதை மனிதர்களிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1997-இல் ஸ்வீடனில் இருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. 26 நோயாளிகள்தான். ஒரு பாதிப் பேருக்குக் குறைந்த அளவு பிரெட்னிசலோனை விடியற்காலை இரண்டு மணிக்குக் கொடுத்தார்கள், மறுபாதிக்குக் காலை ஏழரைக்கு. இரண்டு மணிக்குச் சாப்பிட்டவர்களுக்குக் காலை விறைப்பும் வலியும் தெளிவாகக் குறைந்தன. அதாவது நீங்கள் கேட்கும் அலாரம் யோசனை ஏதோ வீட்டு வைத்தியம் இல்லை, ஆராய்ச்சியாளர்களே முதலில் அந்த வழியில்தான் போனார்கள். ஆனால் தினமும் ஒரு நோயாளியை இரண்டு மணிக்கு எழுப்ப முடியுமா? அந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் தானே திறக்கும் மாத்திரை வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன், என் தொழில் இது. மாத்திரைக்குள் கடிகாரமும் இல்லை, சிப்பும் இல்லை. நடுவில் ஒரு குட்டி மாத்திரை. அதில் மருந்தோடு க்ராஸ்கார்மெலோஸ் சோடியம் என்று ஒன்று கலந்திருக்கும், தண்ணீர் பட்டதும் மளமளவென்று ஊதும் பொருள். அதைச் சுற்றி நாலா பக்கமும், தண்ணீரில் லேசில் கரையாத கால்சியம் பாஸ்பேட்டும் மெழுகு போன்ற கிளிசரில் பெஹனேட்டும் கலந்த தடித்த ஓடு, மெஷினில் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். விழுங்கிய பிறகு ஈரம் அந்த ஓட்டுக்குள் மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே போகும். நடுவில் இருக்கும் மாத்திரையைத் தொட்டதும், மூடி இறுக்கிய டப்பாவில் கொண்டைக்கடலையை ஊறப் போட்டது மாதிரி, அது ஊதி ஓட்டைப் பிளந்துவிடும். ஓட்டின் தடிமனையும் மெழுகின் அளவையும் மாற்றினால் தாமதத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

இப்படி ஓடு போட்ட மாத்திரைகளை, மருந்து கரைவதை அளக்கும் டிசல்யூஷன் மெஷினில் போட்டுப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். 37 டிகிரியில் வைத்த கண்ணாடிப் பாத்திரங்கள் ஆறு, ஒவ்வொன்றிலும் 900 மில்லி திரவம், நிமிடத்துக்கு 50 சுற்றில் துடுப்பு சுழன்றுகொண்டிருக்கும். மாத்திரை அடியில் போய் உட்காரும். மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. மாதிரி எடுத்து அளந்தால் மருந்து பூஜ்யம், மறுபடியும் பூஜ்யம். பிறகு மாத்திரையின் இடுப்புப் பகுதியில் முடி மாதிரி ஒரு கீறல் விழும். சிப்பி வாய் திறப்பதுபோல் இரண்டு பாதியும் விலக, வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பும். அடுத்த சில நிமிடங்களில் முழு மருந்தும் கரைந்திருக்கும். ஆறும் ஒரே சமயத்தில் திறந்தால் அன்றைக்கு நல்ல நாள். உள் மாத்திரை அழுத்தும்போது இம்மி விலகி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டால், அந்தப் பக்கத்து ஓடு மெலிந்து, அது மட்டும் முன்னதாகவே வாய் திறந்துவிடும். நடு மாத்திரையை நட்டநடுவில் உட்கார வைப்பதுதான் இந்த வகை மாத்திரையில் பெரிய தலைவலி.

இதிலிருந்து ஒன்று புரியும். மாத்திரைக்கு மணி தெரியாது. ஈரம் பட்ட பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. மணியை வைப்பது விழுங்குகிறவர்தான். பத்து மணிக்குப் பதிலாக டிவி பார்த்துவிட்டு ஒரு மணிக்குச் சாப்பிட்டால் அது ஐந்து மணிக்குத் திறக்கும், அவ்வளவு செலவும் வீண். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் இன்னொரு சிக்கல்: லோடோட்ராவை இரவுச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட பிறகு எடுக்கச் சொல்வதற்குக் காரணம், காலி வயிற்றில் மருந்து ரத்தத்தில் சேர்வது கணிசமாகக் குறைந்துவிடுகிறது என்பது. சாப்பாடு இருந்தால் மாத்திரை வயிற்றில் தங்கும். இல்லாவிட்டால் திறப்பதற்குள் குடலில் வெகுதூரம் போய்விடும். சிறுகுடலைக் கடக்கப் பொதுவாக மூன்று, நான்கு மணி நேரம்தான் ஆகிறது. அங்கே உறிஞ்சப்படும் அளவுக்குப் பெருங்குடலில் பல மருந்துகள் உறிஞ்சப்படுவதில்லை. நைட் ஷிஃப்ட் போகிறவர்களுக்கு எல்லாமே தலைகீழ். ஸ்பின்னிங் மில்லிலோ கால் சென்டரிலோ இரவு முழுக்க விழித்திருப்பவரின் உடல் கடிகாரம் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது, அவருக்கு 'இரவு பத்து மணி' என்று எழுதித் தருவதற்கு அர்த்தமே கிடையாது.

சரி, இவ்வளவு மெனக்கெட்ட மாத்திரை எவ்வளவு பலன் தந்தது? ஐரோப்பாவில் 288 நோயாளிகளை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வு 2008-இல் லான்செட் இதழில் வந்தது. எல்லோரும் ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். ஒரு குழு அதே அளவைக் காலையில் தொடர்ந்தது, இன்னொரு குழு தாமத மாத்திரைக்கு மாறியது. காலை விறைப்பு நீடிக்கும் நேரம் தாமத மாத்திரைக் குழுவில் சராசரியாக 22.7 சதவீதம் குறைந்தது, காலைக் குழுவில் 0.4 சதவீதம். நிமிடக் கணக்கில் தாமதக் குழுவுக்குச் சராசரியாக 44 நிமிடம் மிச்சம். மருந்தின் அளவைக் கூட்டாமல், நேரத்தை மட்டும் நகர்த்தியதற்கு இது நல்ல பலன்தான், எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதே ஆய்வில், நோய் மொத்தமாக எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று பார்க்கும் அளவீடுகளில் இரண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. காலையில் டம்ளர் பிடிக்க உதவும், மூட்டு எலும்பு அரிக்கப்படுவதை நிறுத்தும் வேலையை இந்த நேர மாற்றம் செய்கிறது என்று சொல்ல முடியாது. மூட்டைக் காப்பது மெதோட்ரெக்சேட் போன்ற அடிப்படை மருந்துகள்தான், ஸ்டீராய்டை முடிந்த அளவு குறைவாக, முடிந்த அளவு குறைந்த காலத்துக்கு என்றுதான் இப்போது மூட்டு மருத்துவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடிக்கிறது என்றால், ஸ்டீராய்டின் நேரத்தைவிட அடிப்படை மருந்து போதுகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அடுத்த முறை போகும்போது 'விறைப்பு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விடுகிறது' என்று ஒரு வாரத்துக்குக் குறித்து எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் மிகவும் பயன்படும். மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து என்பதை வீட்டில் எல்லோருக்கும் தெரியப்படுத்தி வையுங்கள். தினசரி மாத்திரை என்று நினைத்துக் கொடுத்து உயிருக்கே ஆபத்தான கதைகள் இந்த மருந்துக்கு உண்டு. நேரத்தில் தவறு என்றால் இதைவிடப் பெரிய தவறு கிடையாது.

அலாரம் வைத்து இரண்டு மணிக்குக் கொடுப்பதை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். காரணம் சொல்கிறேன். ஸ்டீராய்டை வழக்கமாகக் காலையில் கொடுப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. கார்டிசாலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியை 'கிளம்பு' என்று மூளை உசுப்புவது பின்னிரவில். அந்தச் சமயத்தில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு இருந்தால், 'ஏற்கெனவே இருக்கிறதே' என்று மூளை அடங்கிவிடும், சுரப்பி சோம்பேறியாகிவிடும் என்பது பழைய பயம். தாமத மாத்திரையைக் குறைந்த அளவில் ஒரு வருடம் சாப்பிட்டவர்களைப் பரிசோதித்ததில் இந்தப் பயம் பெரிதாக உறுதிப்படவில்லை. ஆனால் அது குறிப்பிட்ட ஒரு மாத்திரையில், கண்காணிப்பில் இருந்தவர்களிடம் பார்த்தது. அம்மாவின் வயது, சர்க்கரை, தூக்கம் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. இருட்டில் எழுந்து நடக்கும்போது தடுக்கி விழுந்தால், ஸ்டீராய்டால் எலும்பு மெலிந்திருக்கும் ஒருவருக்கு அது இடுப்பு எலும்பு முறிவாக முடியலாம். இரவு பத்து மணிக்குச் சாதாரண மாத்திரையைக் கொடுத்துவிட்டால் அதே பலன் கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். அது பதினொன்றுக்குள் ரத்தத்துக்கு வந்துவிடும், பிரெட்னிசலோன் ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டிலிருந்து நான்கு மணி நேரம்தான் ஆகும், தூக்கமும் கெடும். மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள், நியாயமான கேள்விதான். அவர் வேண்டாம் என்றால் அம்மா பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. என்ன செய்தாலும் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்திவிட மட்டும் கூடாது.

எந்த மருந்துக்கு நேரம் முக்கியம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். நோய்க்கு இருபத்துநான்கு மணி நேரத்தில் கூர்மையான ஒரு உச்சம் இருக்கிறதா என்பது ஒன்று. மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நேரம் பேசும். கொலஸ்ட்ரால் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகமாகத் தயாரிப்பது இரவில். சிம்வாஸ்டாட்டின் இரண்டு, மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும் மருந்து, ஆகவே அதை மாலையில் அல்லது இரவில் கொடுத்தார்கள். பிறகு வந்த அடோர்வாஸ்டாட்டின் பாதியாக ஏறக்குறைய 14 மணி நேரம் எடுக்கும், ரோசுவாஸ்டாட்டின் 19. காலையில் சாப்பிட்டாலும் இரவில் மருந்து ரத்தத்தில் இருக்கும். ஆனாலும் சீட்டில் 'இரவு' என்று எழுதும் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. இரவில் மறந்துபோகிறவர் காலையில் சாப்பிடட்டும், ஒன்றும் கெட்டுப்போகாது.

சீட்டில் எழுதியிருக்கும் நேரங்களில் பலவற்றுக்கும் உடல் கடிகாரத்துக்கும் சம்பந்தமே இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தைராய்டு மாத்திரையை விடிந்ததும் சாப்பிடச் சொல்வது வயிறு காலியாக இருப்பதற்காக. பான்டோப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் எடுக்கச் சொல்வது, சாப்பாடு வந்ததும் விழித்துக்கொள்ளும் அமில பம்புகளை அந்த நேரத்தில் பிடிப்பதற்காக. நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் கொடுப்பது ராத்திரி நான்கு முறை பாத்ரூம் போகாமல் இருக்க. இவை எல்லாம் வயிற்றின் கணக்கு, தூக்கத்தின் கணக்கு. கிரகப் பலன் மாதிரி ஒவ்வொரு நேரத்துக்கும் ஆழமான காரணம் தேட வேண்டாம்.

இப்போது அப்பாவின் பிபி. இங்கேதான் ஆசையும் ஆய்வும் மோதிக்கொண்டன, சுவாரசியமான கதை. ஆரோக்கியமானவர்களுக்குத் தூக்கத்தில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும், விடியும்போது சட்டென்று ஏறும். மாரடைப்பும் காலையில்தான் அதிகம். 1985-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, இரவு பதினொரு மணியோடு ஒப்பிட்டால் காலை ஒன்பது மணிக்கு மாரடைப்பு மூன்று மடங்கு என்றது. அப்படியானால் காலை ஏற்றத்தைக் குறிவைத்து மருந்தைத் திறந்துவிட்டால் மாரடைப்பு குறையும் அல்லவா? அந்த எண்ணத்தில் வந்ததுதான் கோவெரா எச்எஸ் என்ற மாத்திரை, உள்ளே வெராபமில் என்ற பிபி மருந்து. படுக்கும்போது விழுங்கினால் நான்கைந்து மணி நேரம் மூடியே இருந்து, விடியும் சமயத்தில் உச்சத்துக்கு வரும்படி செய்த ஆஸ்மோட்டிக் பம்ப், அதாவது தண்ணீர் உள்ளே ஊறும் அழுத்தத்தால் இயங்குவது. தண்ணீரை மட்டும் உள்ளே விடும் உறை, உறையில் லேசரால் போட்ட நுண்ணிய துளை, உள்ளே ஊதும் ஒரு அடுக்கு மருந்தைத் துளை வழியாக வெளியே தள்ளும். பொறியியல் என்று பார்த்தால் அழகான வேலை, நான் இன்றும் ரசிப்பேன்.

அதை 16,602 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பக்கம் இந்த நேரக்கணக்கு மாத்திரை. எதிர்ப்பக்கம் அட்டெனலால் அல்லது ஹைட்ரோகுளோரோதயசைட், விலை குறைந்த பழைய சரக்கு. ஆய்வுக்குப் பணம் போட்ட கம்பெனி வணிகக் காரணத்துக்காகத் திட்டமிட்டதற்கு இரண்டு வருடம் முன்பே அதை நிறுத்திவிட்டது, அதனால் முழுத் தீர்ப்பு சொல்ல முடியாமல் போனது. 2003-இல் வெளியான எண்கள் மட்டும் போதுமான அளவு பேசின: மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை நேரக்கணக்கு மாத்திரை சாப்பிட்டவர்களில் 364 பேருக்கு, பழைய மருந்து சாப்பிட்டவர்களில் 365 பேருக்கு. விடியற்காலைக்கென்று செதுக்கிய மாத்திரைக்கும் சாதாரண மாத்திரைக்கும் நடுவே ஒரே ஒரு ஆள் வித்தியாசம். 

அதோடு விஷயம் அடங்கவில்லை. 2019-இல் ஸ்பெயினிலிருந்து ஹைஜியா என்ற ஆய்வு வந்தது. 19,084 பேர். பிபி மாத்திரையைப் படுக்கும்போது சாப்பிட்டால் இதய நோய் விளைவுகள் 45 சதவீதம் குறைகின்றன என்று அறிவித்தது. உங்களுக்கு யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் மூலம் அநேகமாக இதுதான். 45 சதவீதம் என்பதைக் கேட்டதுமே துறையில் பலருக்குப் புருவம் உயர்ந்தது. ஒரு புது மருந்தைச் சேர்த்தாலே அவ்வளவு கிடைப்பது அரிது, அதே மருந்தை நகர்த்தியதற்கா? நோயாளிகளைப் பிரித்த விதம் முதற்கொண்டு கடுமையான கேள்விகள் எழுந்தன. பிறகு 2022-இல் பிரிட்டனில் டைம் என்ற ஆய்வின் முடிவு லான்செட்டில் வந்தது. 21,104 பேர், ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். மாலையில் சாப்பிட்டவர்களில் 3.4 சதவீதம், காலையில் சாப்பிட்டவர்களில் 3.7 சதவீதம் பேருக்குப் பாதிப்பு. புள்ளிவிவரப்படி இது வித்தியாசமே இல்லை. கனடாவில் நடந்த இன்னொரு ஆய்வும் இதே பக்கம்தான் சாய்ந்தது. 

ஆகவே அப்பாவுக்கு நேரத்தை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அம்லோடிபின் உடம்பில் பாதியாக 30 முதல் 50 மணி நேரம் வரை எடுக்கும், டெல்மிசார்டன் ஏறக்குறைய ஒரு நாள். காலையில் விழுங்கியது இரவிலும் இருக்கிறது, மறுநாளும் இருக்கிறது. அவருக்கு எந்த நேரம் மறக்காதோ அதுதான் அவருக்குச் சரியான நேரம். இரவில் பிபி இறங்காதவர்கள், தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்கள், கிட்னி பாதித்தவர்கள், க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் வேறு கணக்குப் போடலாம். அது 24 மணி நேர பிபி மானிட்டர் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

இதையெல்லாம் படித்துவிட்டு நேரம் பார்த்து மருந்து கொடுப்பதே ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம். பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பி கார்டிசாலைச் சரியாகச் சுரக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, விடியற்காலை கார்டிசால் ஏற்றத்தைப் பிரதியெடுப்பதற்கென்றே எஃப்மோடி என்ற ஹைட்ரோகார்டிசோன் கேப்சூலுக்கு ஐரோப்பாவில் 2021-இல் அனுமதி கிடைத்தது, பெரிய பங்கைப் படுக்கும்போது கொடுப்பார்கள். ஏடிஎச்டி என்ற கவனக்குறைவுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு, காலையில் எழுந்து பள்ளிக்குக் கிளம்பும் அந்தக் களேபர நேரத்திலேயே மருந்து வேலை செய்யும்படி, மாலையில் விழுங்கி முதல் பத்து மணி நேரத்தில் 5 சதவீதத்துக்கு மேல் வெளியே வராத மெத்தில்ஃபெனிடேட் கேப்சூலுக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்கள் விடியற்காலைச் சர்க்கரை ஏற்றத்துக்கு ஏற்ப மணிக்கு மணி அளவை மாற்றி வைக்கிறார்கள், அதில் மட்டும் நிஜமாகவே கடிகாரம் இருக்கிறது. இந்த இடங்களில் எல்லாம் தாளமும் கூர்மை, மருந்தின் ஆயுளும் குறைவு.

சந்தேகத்துக்குரிய பகுதி புற்றுநோய் மருந்துகள். பிரான்ஸில் பிரான்சிஸ் லெவி குழு, பெருங்குடல் புற்றுநோய்க்கு ஃப்ளூரோயுராசில் உச்சம் விடியற்காலை நான்கு மணிக்கும், ஆக்ஸாலிபிளாட்டின் உச்சம் மாலை நான்கு மணிக்கும் வரும்படி பம்ப் வைத்துக் கொடுத்துப் பார்த்தது. ஆரம்பத்தில் பக்கவிளைவு குறைந்தது, நம்பிக்கை பிறந்தது. 2006-இல் வெளியான பெரிய ஆய்வில் மொத்தமாக ஆயுள் வித்தியாசம் இல்லை. ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தபோது ஆண்கள் இந்த முறையில் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள், பெண்கள் குறைந்த காலம். ஒருவருக்கு நல்ல நேரம் இன்னொருவருக்குக் கெட்ட நேரமாக இருக்கலாம் என்றால், எல்லோருக்கும் ஒரே மணி எழுதித் தருவது எப்படி? எலிகளில் நடந்த 2014 ஆய்வு ஒன்றை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: அமெரிக்காவில் அதிகம் விற்கும் 100 மருந்துகளில் 56 மருந்துகள், நாள் முழுக்க ஏறி இறங்கும் மரபணுக்களின் விளைபொருளைத்தான் தாக்குகின்றன என்று. அது சரிதான். ஆனால் இலக்கு ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து நோயாளிக்குப் பலன் ஏறி இறங்கும் என்ற இடத்துக்குத் தாண்டுவது நீண்ட தாவல். வெராபமில் அந்தத் தாவலில்தான் கால் இடறியது.

கடைசியாக அப்பாவின் சுகர் மாத்திரை. அட்டையில் மெட்ஃபார்மின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்று ஏதாவது இருக்கும் பாருங்கள். மருந்தை மெதுவாக விடும் மாத்திரை என்று அர்த்தம். டிஆர் என்றிருந்தால் தாமதமாகத் திறப்பது, பெரும்பாலும் வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலில் கரையும் கோட்டிங் போட்டது. ஓடி (OD) என்பதற்கு நாளைக்கு ஒரு முறை என்பதைத் தவிர வேறு ரகசியம் இல்லை. இந்த எழுத்துகள் உள்ள எதையும் விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று உடைத்தோ பொடித்தோ கொடுக்காதீர்கள். மெட்டோப்ரோலால் சக்சினேட் மாதிரி சிலவற்றை நடுக்கோட்டில் பாதியாக்கலாம், ஆனால் அதையும் பொடிக்கக் கூடாது. எதைப் பாதியாக்கலாம் என்று மருந்துக் கடையில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மெதுவாக விடும் மெட்ஃபார்மின் பெரும்பாலும் ஒரு பசைக்கட்டி. தண்ணீர் பட்டதும் ஜெல்லியாக உப்பி, மருந்து அதற்குள்ளிருந்து மணிக்கணக்கில் கசிந்து வெளியேறும். மருந்து போன பிறகு மிஞ்சும் ஜெல்லி செரிக்காது, மாத்திரை வடிவத்திலேயே வெளியே வரும். நீங்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும், குச்சியால் அழுத்தினால் கொழகொழவென்று நசுங்கும். வயிற்றுப்போக்கு சமயத்தில் கெட்டியாக, விழுங்கியபடியே வந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து வெளியேற நேரம் கிடைக்காமல் போயிருக்கலாம். மற்றபடி வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்ட பிறகு பார்க்கும் சர்க்கரையும் வழக்கமான அளவில் இருந்தால், மருந்து உள்ளே போய்விட்டது, வந்தது காலிக்கூடு.